ஆபீஸுக்கும் அதே கார், டிராக்குக்கும் அதே கார்: டயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ20 என் லைன், போலோ, விர்டஸ், ஸ்லாவியா, ஸ்விஃப்ட் போன்ற முன்சக்கர டிரைவ் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். வாரம் முழுக்க ஓஎம்ஆரிலோ அவிநாசி ரோட்டிலோ ஓட்டிவிட்டு, வருஷத்தில் மூன்று நான்கு தடவை இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பைக் டயரின் கணக்கு வேறு. அது இதில் இல்லை.

காரோடு வந்த கம்பெனி டயரிலேயே முதல் டிராக் டே (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) போகலாமா?

தாராளமாகப் போகலாம். முதல் தடவை அப்படிப் போவதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து. சாதாரண டயர் பிடி விடுவதற்கு முன்னால் கிறீச்சிடும், மெதுவாக நழுவும், எங்கே எல்லை என்று சொல்லிக்கொடுக்கும். அதிக கிரிப் உள்ள டயர் ஓட்டுநரின் தப்பை ரொம்ப நேரம் மூடி வைக்கும். விடும்போது அதிக வேகத்தில் விடும். கிரிப் குறைவாக இருந்தால் பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் விழும் அடியும் குறைவு.

மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள். டிரெட்டின் (டயரில் ரோட்டைத் தொடும் பகுதி) பள்ள ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டயரின் வயது ஐந்து வருஷத்தைத் தாண்டக் கூடாது. சைடுவாலில் (டயரின் பக்கச் சுவர்) உப்பல், வெட்டு, வெடிப்பு எதுவும் இருக்கக் கூடாது. உள்பக்க சைடுவாலையும் பாருங்கள். குழியில் விழுந்து வந்த உப்பல் பாதி நேரம் அந்தப் பக்கம்தான் ஒளிந்திருக்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வைத்துக் குனிந்து பார்த்தால் முன் டயரில் தெரிந்துவிடும். பின் டயருக்கு ஜாக்கி போட வேண்டும்.

பெர்ஃபார்மன்ஸ் டயர் என்று கடையில் எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். உண்மையில் என்னென்ன வகை?

நமக்கு வேண்டிய அளவில் நான்கு வகை.

முதலாவது டூரிங் டயர். மிஷலின் பிரைமசி போன்றவை. சத்தம் குறைவு, ஆயுள் அதிகம். டிராக்கில் மூன்று நாலு லேப்பில் (லேப் என்றால் ஒரு சுற்று) சூடேறி வழுக்க ஆரம்பிக்கும். இரண்டாவது, ரோட்டுக்கென்றே செய்த பெர்ஃபார்மன்ஸ் டயர். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4, கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட் எம்சி6 இந்த இனம். சைடுவால் இறுக்கம், தோள்பட்டையில், அதாவது டிரெட்டின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் பிளாக்குகள் பெரிசு, மழையில் நம்பிக்கையானது. மூன்றாவது, டிரெட்வேர் (தேய்மான எண்; குறைந்தால் சீக்கிரம் தேயும்) 200 என்று அச்சிட்டு வரும் கடும் பிடிப்பு டயர். யோகோஹாமா அட்வான் நியோவா இதற்கு உதாரணம். நான்காவது செமி ஸ்லிக். ரோட்டில் ஓட்டப் பெயரளவுக்கு நாலு பள்ளம் வெட்டியிருக்கும், அவ்வளவுதான்.

தினமும் ஓட்டும் காரில் வருஷத்துக்கு நாலு டிராக் டே என்றால் இரண்டாவது வகையை எடுங்கள். மூன்றாவது வகை உலர்ந்த டிராக்கில் லேப் நேரத்தைத் தெளிவாகக் குறைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ளிக்கரணையில் தண்ணீர் நிற்கும் நவம்பர் இரவில் வீடு திரும்ப வேண்டியதும் அதே டயரில்தான். அந்த ஒரு காரணமே எங்களுக்குப் போதும்.

டிரெட்வேர் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட நம்பலாம். இரண்டு கம்பெனிகளை ஒப்பிட நம்ப வேண்டாம்.

இது அமெரிக்க அரசின் தர முறை. டெக்சாஸில் வகுத்த ரோட்டில் 7,200 மைல், அதாவது சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டி, 100 என்று வைத்த ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையைச் செய்து எண்ணைப் போடுவது டயர் கம்பெனியேதான். சோதனையில் வந்ததைவிடக் குறைத்துப் போடவும் தடையில்லை. அங்கே அமெச்சூர் போட்டிகள் பலவற்றில் டிரெட்வேர் 200-க்குக் குறையக் கூடாது என்ற விதி வந்ததிலிருந்து, மிக மென்மையான டயர்கள்கூட சரியாக 200 என்ற எண்ணோடு வருகின்றன. அதனால் எண் ஒன்றாக இருந்தாலும் தேய்மானம் ஒன்றாக இருக்காது. பொதுவாக 400-க்கு மேல் டூரிங், 300 பக்கம் பெர்ஃபார்மன்ஸ் என்று மனதில் வையுங்கள். இந்தியச் சந்தைக்கான சில டயர்களில் இந்த எண்ணே இருக்காது.

அகலமான டயர் போட்டால் கிரிப் கூடுமா? எவ்வளவு ஏற்றலாம்?

ஒரு படி (195 என்றால் 205) ஏற்றலாம். அதற்கு மேல் வேண்டாம். வெளி விட்டம் 2 சதவீதத்துக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்குங்கள்; அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவால் என்பதைக் கண்டு, அதை இரண்டு மடங்காக்கிக் கூட்டுங்கள். 195/55 ஆர்16 (அகலம் 195 மில்லிமீட்டர், அதில் 55 சதவீதம் சைடுவால் உயரம், ரிம் 16 அங்குலம்) என்றால் 406.4 + 214.5 = சுமார் 621 மில்லிமீட்டர். 205/55 ஆர்16 என்றால் 632, 1.8 சதவீதம் கூடுதல். 205/50 ஆர்16 என்றால் 611, 1.5 சதவீதம் குறைவு. இரண்டுமே எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஆனால் 205/50-ல் கார் 5 மில்லிமீட்டர் தாழும், ஸ்பீட் பிரேக்கரில் அடிபடும் வாய்ப்பு கூடும். 205/55-ல் கியர் சற்று நீளும் (அதே கியரில் பிக்கப் சற்றுக் குறையும்), வீல் ஆர்ச் லைனரில் உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் 205/55-ஐத்தான் சொல்வோம். நம் ரோட்டுக்கு சைடுவால் உயரம் தேவை. தவிர, அந்த அளவில்தான் நல்ல டயர்களும் அதிகம் கிடைக்கின்றன.

ரிம் அகலத்தை மறந்துவிடாதீர்கள். 6 அங்குல ரிம்மில் 205 போடலாம். அதிலேயே 225-ஐத் திணித்தால் சைடுவால் உப்பி நிற்கும்; வளைவில் டிரெட் ஒரு பக்கம், ரிம் ஒரு பக்கம் என்று அசையும். காசு அதிகம் கொடுத்து ஸ்டியரிங்கை மந்தமாக்கிக்கொண்டதுதான் மிச்சம். அதுபோல 17, 18 அங்குல ரிம்முக்குத் தாவுவதும் டிராக்குக்கு உதவாது. பெரும்பாலும் எடை கூடும், குழியில் ரிம் வளையும்.

91வி, 94டபிள்யூ என்பதில் எதைப் பார்க்க வேண்டும்?

எண் சுமை, எழுத்து வேகம். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 91 என்றால் 615, 94 என்றால் 670. எழுத்தில் எச் மணிக்கு 210 கிலோமீட்டர், வி 240, டபிள்யூ 270. கம்பெனி போட்டதற்குக் கீழே எதிலும் இறங்கக் கூடாது. உங்கள் கார் 200-ஐத் தொடாது என்றாலும் டிராக்குக்கு வி அல்லது டபிள்யூ எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. வேகக் குறியீடு உயர்ந்த டயர் அதிக வெப்பத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கும். டிராக்கில் டயரைக் கொல்வது வெப்பம்தான்.

டிராக்கில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். எந்த பிராண்ட் என்பதைவிட லேப் நேரத்தையும் டயரின் ஆயுளையும் தீர்மானிப்பது காற்றுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

டயருக்குள் இருக்கும் காற்று ஒவ்வொரு 5.5 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும். டிராக்கில் நாலு லேப் வேகமாக ஓட்டினால் 6 முதல் 9 பிஎஸ்ஐ வரை ஏறிவிடும். காலையில் 33 வைத்துப் போனால் 40 பக்கம் போய்விடும். அப்போது டிரெட்டின் நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொடும், வளைவில் காரின் முன்பக்கம் வெளியே ஓடும்.

அதற்காக முதலிலேயே 26-க்கு இறக்கிவிட்டுப் போவது பெரிய தப்பு. முதல் இரண்டு லேப்பில் சைடுவால் மடிந்து, டயர் தோள்பட்டையில் நின்று தேயும். மடிந்து மடிந்து நிமிர்வதாலேயே உள்ளே சூடு கூடும்.

சரியான முறை இது:

1. காலையில் டயர் ஆறியிருக்கும்போது, காரின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையே வையுங்கள். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பாமல் சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கி, எப்போதும் அதிலேயே பாருங்கள்.
2. நான்கு டயரிலும் டிரெட் முடிந்து சைடுவால் தொடங்கும் இடத்தில், மூன்று இடங்களில் சாக்பீஸால் குறுக்கே கோடு போடுங்கள்.
3. ஒரு லேப் மெதுவாக, மூன்று நாலு லேப் வேகமாக. ஆறவிடும் கூல் டவுன் லேப்பைச் சுருக்கமாக முடித்துப் பிட்டுக்கு (டிராக் ஓரம் கார் நிறுத்தும் இடம்) வந்து, நின்ற இரண்டு நிமிஷத்துக்குள் அளந்துவிடுங்கள்.
4. முன் டயர்கள் இரண்டையும் 36-க்கு இறக்குங்கள். பின் டயரையும் அங்கிருந்தே தொடங்கலாம்.
5. சாக்பீஸ் கோட்டைப் பாருங்கள். தோள்பட்டையில் தேய்மான அடையாளத்தைக் காட்டும் சின்ன முக்கோணம் இருக்கும். கோடு அந்த முக்கோணம் வரை அழிந்திருந்தால் காற்று சரி. அதையும் தாண்டிக் கீழே அழிந்திருந்தால் காற்று குறைவு, 1 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். முக்கோணத்துக்கு ஒரு விரல் முன்பே நின்றுவிட்டால் இன்னும் 1 இறக்குங்கள்.
6. அடுத்த செஷனுக்குப் பிறகு மறுபடியும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை போகும்போது அந்தக் குறிப்புதான் உங்களுக்கு வழிகாட்டி.

வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் காற்றை மறுபடி ஏற்ற வேண்டும். சூட்டில் 36-க்கு இறக்கிய டயர் முழுசாக ஆறினால் 29 பக்கம் வந்து நிற்கும். அப்படியே பெங்களூரு நெடுஞ்சாலையில் நாலு பேரோடு 100-ல் போவது ஆபத்து. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் ஒன்றை டிக்கியில் வைத்திருங்கள்.

நைட்ரஜன் அடித்தால் அழுத்தம் ஏறாது என்கிறார்களே?

ஏறும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், சூட்டில் இரண்டும் ஒரே மாதிரி விரியும். கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கும் கடையில் காற்று பிடித்தால்தான் ஈரத்தால் கூடுதல் ஏற்றம் வரும். இறக்கி ஏற்றிக்கொண்டே இருக்கும் டிராக் டேயில் நைட்ரஜனால் பலன் இல்லை.

ஒரு செஷனில் எத்தனை லேப் அழுத்தலாம்? டயர் போதும் என்று சொல்வதை எப்படித் தெரிந்துகொள்வது?

ரோடு டயர் என்றால் மூன்று, நாலு லேப். இருங்காட்டுக்கோட்டை டிராக் சுற்றுக்கு 3.7 கிலோமீட்டர். நாலு லேப் என்பதே 15 கிலோமீட்டர் முழு வேகம். அதற்குப் பிறகு ஒரு லேப் மெதுவாகப் போய் ஆறவிட்டு, மறுபடி ஆரம்பியுங்கள்.

முதல் அறிகுறி ஸ்டியரிங்கில் வரும். போன லேப்பில் எடுத்த அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க ஸ்டியரிங்கைக் கூடுதலாக ஒடிக்க வேண்டியிருக்கும். எண்ணெய் தடவினாற்போல ஒரு வழுக்கல் தெரியும். அப்போது இன்னும் அழுத்துபவர்கள்தான் டயரைக் கெடுப்பது. பிட்டுக்கு வந்து பாருங்கள். ஆரோக்கியமான டயரின் மேற்பரப்பு சீராக, சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். அளவு மீறிச் சூடான டயரில் பிளாக் விளிம்புகள் நீலம் கலந்து பளபளக்கும், ரப்பர் சுருண்டு நிற்கும். அடுத்த கட்டத்தில் நகம் அளவு துண்டுகள் பிய்ந்து, கீழே வேறு நிற ரப்பர் தெரியும். பிய்ந்த டயர் ரோட்டில் சத்தம் போடும், பேலன்ஸ் கெடும். அது சரியாகாது.

செஷன் முடிந்து நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் பிரேக் அழுந்திய நிலையிலேயே ஆறினால் கெட்டுவிடும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

புது டயரோடு நேராக டிராக்குக்குப் போகலாமா?

வேண்டாம். முதலில் 300 கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய பூச்சு போக வேண்டும், டயர் ரிம்மில் சரியாக உட்கார வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. புது டயரில் டிரெட் 8 மில்லிமீட்டர் பக்கம் உயரமாக இருக்கும். உயரமான பிளாக் வளைவில் நெளியும், நெளிவது சூடாகும், சூடானது பிய்யும். அதே டயர் 5 மில்லிமீட்டருக்கு வந்தபின் டிராக்கில் இன்னும் உறுதியாக நிற்கும். முடிந்தால் புது டயரை மழைக்காலத்துக்கு முன் போட்டு ரோட்டில் ஓட்டி, ஜனவரிக்குப் பிறகு டிராக்குக்குக் கொண்டு போங்கள். மழைக்கு ஆழமான டிரெட், டிராக்குக்குத் தேய்ந்த டிரெட் என்று இரண்டும் தானாகவே பொருந்தி வரும்.

இடது முன் டயர் மட்டும் வெளி விளிம்பில் வேகமாகத் தேய்கிறது. ஏன்?

இருங்காட்டுக்கோட்டையில் கடிகார திசையில் ஓட்டுகிறோம். வலது திருப்பங்கள் அதிகம், எடை முழுக்க இடது பக்கம் சாயும். முன்சக்கர டிரைவ் காரில் இழுப்பது, திருப்புவது, பிரேக் அடிப்பது எல்லாம் முன் டயர் வேலை. ஆக, இடது முன் டயருக்குத்தான் முழு அடியும்.

மூன்று வழிகளில் குறைக்கலாம். முதலாவது டயரை இடம் மாற்றுவது. உள்பக்கம், வெளிப்பக்கம் என்று எழுதிய டயரை இடமிருந்து வலத்துக்கும் மாற்றலாம். அம்புக்குறி போட்ட ஒருதிசை டயரை அதே பக்கத்தில் முன் பின் மட்டும்தான் மாற்ற முடியும். பக்கம் மாற்ற ரிம்மிலிருந்து கழற்றிப் போட வேண்டும். டிராக்குக்குப் போகிறவர்கள் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று எழுதிய டயரை வாங்குவதே லாபம்.

இரண்டாவது கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம். மேல் பகுதி உள்ளே சாய்ந்தால் அது எதிர்மறைக் கேம்பர். இந்த கார்களின் முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் கம்பெனி அமைப்பில் அரை டிகிரி, முக்கால் டிகிரிக்கு மேல் எதிர்மறைக் கேம்பர் அநேகமாக இருக்காது. கார் சாயும்போது டயர் வெளி விளிம்பில் நின்றுவிடும். பொருந்தும் ஸ்ட்ரட் அமைப்பு இருந்தால் கேம்பர் போல்ட் போட்டு ஒன்றரை டிகிரி வரை கொண்டு போகலாம். தினசரி ஓட்டத்துக்கு அதற்கு மேல் வேண்டாம். உள் விளிம்பை உண்மையில் தின்பது கேம்பரைவிட டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு). கேம்பரைத் தொட்டால் டோ கட்டாயம் மாறும். அலைன்மென்ட் செய்து டோவைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டு வராமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். டோ தப்பா என்று கையாலேயே தெரிந்துகொள்ளலாம். டிரெட்டைக் குறுக்கே தடவுங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவும்போது ரம்பம் போலவும் குத்தினால் டோ தப்பு.

மூன்றாவது, வளைவுக்குள் மெதுவாக நுழைவது. முன்பக்கம் வெளியே ஓடும்போது ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்தால் டயர் வெறுமனே தேயும், கார் திரும்பாது.

பட்ஜெட் இடிக்கிறது. முன்னால் மட்டும் இரண்டு நல்ல டயர் போடலாமா?

கூடாது. முன்னால் பிடிப்பு அதிகம், பின்னால் மொட்டை டயர் என்றால் மழையில் ஆக்ஸிலரேட்டரை விட்ட கணத்தில் பின்பக்கம் சுற்றிவிடும். ரோட்டில் அதைத் திருப்பி நிறுத்த இடம் இருக்காது. நான்கும் ஒரே மாடலாக வாங்குங்கள். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் அதே மாடலில் வாங்கி, புதியவற்றைப் பின்னால் போடுங்கள். டிராக் டேயை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வையுங்கள்.

தனியாக ஒரு செட் ரிம்மும் டிராக் டயரும் வைத்துக்கொள்வது நல்லதா?

வருஷத்துக்கு ஆறு தடவைக்கு மேல் போகிறீர்கள் என்றால் ஆம். அப்போது டிரெட்வேர் 200 டயரைத் தயங்காமல் எடுக்கலாம். 15 அல்லது 16 அங்குல ரிம் நான்கு, பின் சீட்டை மடித்தால் ஹேட்ச்பேக்கிலேயே அடங்கும். டிராலி ஜாக்கி, டார்க் ரெஞ்ச் (அளவு பார்த்து முறுக்கும் ஸ்பேனர்) இரண்டும் வேண்டும். வீல் நட்டையோ போல்ட்டையோ மேனுவலில் சொன்ன அளவுக்கே முறுக்குங்கள். ஃபோக்ஸ்வேகனுக்கு அது 120 நியூட்டன் மீட்டர். முதல் செஷன் முடிந்து ஆறியபின் ஒரு தடவை சரிபாருங்கள், தளர்ந்திருக்கலாம். பிடிப்பு கூடினால் பிரேக்குக்கு வேலையும் கூடும். எந்த டயர் போட்டாலும் டிராக்குக்கு முன் பிரேக் ஆயில் மாற்றுங்கள். ஈரம் உறிஞ்சிய பழைய டாட் 4 ஆயிலின் கொதிநிலை 230 டிகிரியிலிருந்து 155 வரை இறங்கிவிடும்.

பஞ்சர் ஒட்டிய டயரில் டிராக் போகலாமா?

திரி வைத்து அடைத்த டயரில் வேண்டாம். உள்ளிருந்து பேட்ச் போட்டதும் ரோட்டுக்குத்தான்.

கடையில் வாங்கும்போது எதைச் சரிபார்க்க வேண்டும்?

சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம் செய்தது. நான்கிலும் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பழசானால் மறுக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. விரும்பிய மாடல் விரும்பிய அளவில் உடனே கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் டிராக் டே தேதிக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். "இதே மாதிரிதான் சார்" என்று கடைசி நேரத்தில் டூரிங் டயரைத் தலையில் கட்ட இடம் கொடுக்காதீர்கள்.

டிராக்கில் டயரோ காரோ அடிபட்டால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். தனியார் கார் பாலிசிகளில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை. உங்கள் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

டிராக்கில் ஓட்டிய டயரை ரோட்டில் எதுவரை ஓட்டலாம்?

சட்டப்படி 1.6 மில்லிமீட்டர். பள்ளத்துக்குள் இருக்கும் மேடும் டிரெட்டும் ஒரே மட்டத்துக்கு வந்தால் முடிந்தது. எங்கள் கணக்கு வேறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 3 மில்லிமீட்டருக்குக் கீழே ஓட்டாதீர்கள்; தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் போதாது, 80-லேயே கார் மிதக்கும். அளக்கும்போது நடுவில் மட்டும் அளக்காமல் வெளித் தோள்பட்டை, நடு, உள் தோள்பட்டை என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததையே கணக்கில் எடுங்கள். நடுவில் 4 இருந்தும் இடது முன் டயரின் வெளி விளிம்பில் நூல் தெரியலாம். நூல் தெரிந்த டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஸ்டெப்னி சின்ன அளவு என்றால் 80-க்கு மேல் போகாதீர்கள். டிராக்குக்குக் கிளம்பும் முன்பே அதிலும் காற்று பார்த்திருக்க வேண்டும்.